ஒரு பாடத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோவது எப்படி? கலைத்திட்டம் முதல் கரும்பலகை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "போர்ஷன் முடிஞ்சுதா சார்?" என்பதுதான். பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, 6ஆம் வகுப்புக்குப் பின்னங்கள் பாடத்தை எட்டே பாடவேளையில் நடத்திவிட்டு, "முடிஞ்சுது" என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த வாரம் வைத்த சிறு தேர்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார்கள்.

ஒரு மாணவியைக் கூப்பிட்டு, "வீட்டுல அரை லிட்டர் பால் இருக்கு. அதுல இன்னும் கொஞ்சம் ஊத்தினா அரை லிட்டரைவிடக் கூடுமா, குறையுமா?" என்று கேட்டேன். "கூடும் சார்." "அப்போ நீ எழுதின 2/5, அரையைவிடப் பெரிசா, சின்னதா?" அவள் பேசாமல் நின்றாள். பாலைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரியும். நோட்டில் எழுதுகிற பின்னமும் அந்தப் பாலும் ஒன்றுதான் என்பதை நான் சொல்லித் தரவே இல்லை. பாடநூலின் பக்கங்கள்தான் முடிந்திருந்தன.

அன்றைக்குப் பிறகுதான் கலைத்திட்டம், பாடத்திட்டம், கற்றல் விளைவு, மதிப்பீடு என்று ஆசிரியர் பயிற்சியில் தேர்வுக்காகப் படித்த சொற்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவற்றை ஒரு பாடத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று, புதிதாக வகுப்புக்குள் போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம். உதாரணத்துக்கு அதே பின்னங்கள் பாடத்தையே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: நான்கு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கலைத்திட்டம் என்பதுதான் பெரியது. பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள், எந்த வயதில் எதைக் கற்க வேண்டும், எந்த முறையில், எப்படி மதிப்பிட வேண்டும் என்ற மொத்த ஏற்பாடும் அதில் அடங்கும். விளையாட்டு, கைத்தொழில், காலை வழிபாட்டுக் கூட்டம், சுற்றுலா எல்லாம் கலைத்திட்டத்தைச் சேர்ந்தவைதான்.

பாடத்திட்டம் அதன் ஒரு பகுதி: இந்த வகுப்பில், இந்தப் பாடத்தில், இன்னின்ன தலைப்புகள் என்ற பட்டியல். பாடநூல் அந்தப் பட்டியலை நடத்துவதற்கான ஒரு கருவி. ஒரு தலைப்பைப் பாடநூலில் உள்ள உதாரணத்தால்தான் நடத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கற்றல் விளைவு என்பது, பாடம் முடிந்ததும் பிள்ளையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பது.

பெரும்பாலான சிக்கல், பாடநூலையே கலைத்திட்டம் என்று நினைப்பதால் வருகிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பேராசிரியர் யஷ்பால் தலைமையில் உருவானது. அதன் வழிகாட்டும் கொள்கைகள் ஐந்து. அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைப்பது, மனப்பாடத்திலிருந்து விலகுவது, பாடநூலைத் தாண்டிக் கலைத்திட்டத்தை வளப்படுத்துவது, தேர்வை நெகிழ்வாக்கி வகுப்பறையோடு சேர்ப்பது, ஜனநாயகப் பண்புள்ள, பிறர்மேல் அக்கறையுள்ள ஆளுமையை வளர்ப்பது. என் வகுப்பில் அந்தப் பெண் தடுமாறியது முதல் கொள்கையில். பால் வெளியே நின்றது, பின்னம் உள்ளே நின்றது.

இரண்டாம் படி: யார் முடிவு செய்கிறார்கள், உங்கள் கையில் எது இருக்கிறது?

கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதனால்தான் தேசிய அளவில் ஒரு வடிவமைப்பும், மாநில அளவில் ஒரு பாடத்திட்டமும் என்று இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பாடத்திட்டத்தையும் பாடநூல்களையும் உருவாக்கும் வேலை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துடையது.

இங்கே மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகைப் பாடத்திட்டங்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன. ஒரே தெருவில் வளரும் இரண்டு பிள்ளைகள் ஒரே வயதில் வேறு வேறு கணக்கைப் படித்தார்கள். இந்த வேறுபாட்டை ஆராய்ந்த முத்துக்குமரன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2010ல் பொதுப் பாடத்திட்டத்துக்கான சட்டம் வந்தது. வழக்குகள் நடந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே சமச்சீர்க் கல்வி என்ற அந்தப் பொதுப் பாடத்திட்டம் 1 முதல் 10 வரை எல்லா வகுப்புகளுக்கும் நடைமுறையானது. அப்புறம் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு உருவாக்கிய புதிய பாடத்திட்டத்தின்படி 2018-19ல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு.

சரி, இவ்வளவு பேர் மேலே இருந்து முடிவு செய்தால் ஆசிரியருக்கு என்ன மிச்சம்? நிறைய இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009ஐ எடுத்துப் படியுங்கள். அதன் 24ஆம் பிரிவு, கலைத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. எல்லோரும் அந்த வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பிரிவின் அடுத்த வரி, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதும் கடமை என்கிறது. 29ஆம் பிரிவு, செயல்கள், தேடல், கண்டறிதல் வழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. குழந்தையை அச்சமின்றிக் கருத்துச் சொல்ல விடச் சொல்கிறது. யாராவது உங்களிடம் "காகிதத்தை மடிச்சு விளையாட்டுக் காட்டாம போர்ஷனை முடிங்க" என்று சொன்னால், நீங்கள் செய்வதுதான் சட்டப்படியான வேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாம் படி: பாடவேளைகளை எண்ணுங்கள்

இது சலிப்பான வேலை. ஆனாலும் ஜூன் மாதமே செய்துவிடுங்கள். சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி. 6 முதல் 8 வரை 220 நாட்கள், 1000 மணி. தினம் ஒரு கணக்குப் பாடவேளை என்றால் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 220 வரும். தேர்வு, விளையாட்டு விழா, பயிற்சிக்குப் போகும் நாட்கள் எல்லாம் அதற்குள்தான். நான் எப்போதும் கால்வாசியைக் கழித்துவிட்டு, 165 என்று வைத்துத்தான் பிரிப்பேன். பிரிக்கும்போது பாடநூலின் பக்க எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று பாருங்கள். பின்னங்களுக்குப் பதினைந்து கொடுங்கள். பட்டை வரைபடத்துக்கு ஐந்து போதும்.

நான்காம் படி: மேல் வகுப்பு நூலையும் கீழ் வகுப்பு நூலையும் திறங்கள்

ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1960ல் சுருள் முறைக் கலைத்திட்டம் என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு பெரிய கருத்தை ஒரே முறையில் சொல்லி முடிப்பதில்லை. பிள்ளை வளர வளர அதே கருத்துக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகப் போவது. பெரும்பாலான கணக்கு, அறிவியல் பாடத்திட்டங்கள் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், "இதைத்தான் போன வருஷமே படிச்சாங்களே" என்ற எரிச்சல்தான் மிஞ்சும்.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2017ல் வெளியிட்ட கற்றல் விளைவுகளில் பின்னம் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். 4ஆம் வகுப்பில் ஒரு முழுமையின் அரை, கால், முக்கால் பாகத்தை அடையாளம் காண்பது. 5ஆம் வகுப்பில் சமான பின்னங்களைக் கண்டறிந்து உருவாக்குவது. 6ஆம் வகுப்பில் அன்றாட வாழ்க்கைச் சூழலில் பின்னங்களைக் கூட்டுவது, கழிப்பது. 7ல் பெருக்கல், வகுத்தல்.

இந்த வரிசையைத் தாளில் எழுதிப் பார்த்ததும் என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டலுக்கு அடித்தளம் சமான பின்னம். அரையும் ஆறில் மூன்றும் ஒன்று என்று ஒப்புக்கொள்ளாத பிள்ளையிடம் மீச்சிறு பொது மடங்கைக் கொண்டுபோய் நிறுத்தினால், அது மந்திரம் போலத்தான் தெரியும். 5ஆம் வகுப்பின் விளைவு வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமலே 6ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கியிருந்தேன்.

ஐந்தாம் படி: விளைவை உங்கள் சொற்களில் எழுதுங்கள்

ரால்ஃப் டைலர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1949ல் கலைத்திட்டத்துக்கு நான்கு கேள்விகள் வைத்தார். எந்த நோக்கத்தை அடையப் போகிறோம்? அதற்கு எந்த அனுபவங்களைத் தர வேண்டும்? அவற்றை எந்த ஒழுங்கில் அமைப்பது? நோக்கம் நிறைவேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு மாநிலத்தின் கலைத்திட்டத்துக்குப் பொருந்தும் இந்தக் கேள்விகள் நாளைக் காலை இரண்டாம் பாடவேளைக்கும் அப்படியே பொருந்தும்.

நோக்கத்தை எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். "மாணவர்கள் பின்னக் கூட்டலைப் புரிந்துகொள்வர்" என்று பாடக்குறிப்பேட்டில் எழுதினால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் புரிந்துகொண்டதை எப்படிப் பார்ப்பது? கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய வினையாக எழுதுங்கள். நான் இப்போது எழுதுவது இப்படி: "1/2 + 1/3 இன் விடை அரையைவிடப் பெரியதா, ஒன்றைவிடப் பெரியதா என்று கணக்குப் போடுமுன் ஊகித்து, காரணம் சொல்வர். காகிதப் பட்டையில் காட்டுவர். பிறகு எழுதிக் கணக்கிடுவர்." மூன்றும் நடந்ததா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆறாம் படி: அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

பாடத்தைத் தொடங்கும் முன் பத்து நிமிடம், மூன்று கேள்விகள், மதிப்பெண் கிடையாது. 1/3, 1/4 இரண்டில் எது பெரியது, ஏன்? ஒரு செவ்வகத்தில் பாதியை மூன்று வேறு விதமாக நிழலிட்டுக் காட்டு. 2/4ம் 1/2ம் ஒன்றா? முதல் கேள்விக்குப் பல பேர் 1/4 என்பார்கள், 4 பெரிய எண் என்பதால். தவறுதான். ஆனாலும் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. முழு எண்களில் இதுவரை சரியாக வந்த விதியைப் பின்னத்துக்கும் போட்டுப் பார்க்கிறார்கள்.

பிள்ளைகளிடம் தெருவிலிருந்தும் நிறையத் தெரிந்தது வந்து சேர்ந்திருக்கும். கால் கிலோ தக்காளி, அரைக் கிலோ வெங்காயம், முக்கால் மணி நேரம். தமிழில் பின்னங்களுக்குத் தனிப் பெயர்களே இருக்கின்றன. காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. அதில் பாதி மாகாணி, 1/16. இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, "வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா இதுல எது தெரியும்னு கேட்டுட்டு வாங்க" என்று அனுப்புங்கள். "அரைக்கால்" என்ற சொல்லுக்குள்ளேயே பாதியின் கணக்கு இருக்கிறது: காலின் அரை. 7ஆம் வகுப்பில் வரப்போகும் பின்னப் பெருக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஏழாம் படி: வகுப்பை நடத்துவது

இதில் அவசரமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகள் மூன்று கொடுங்கள். பழைய நோட்டுத் தாளே போதும். ஒன்றை இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள், இன்னொன்றை மூன்றாக. மூன்றாக மடிப்பது சுலபமில்லை. அந்தத் தடுமாற்றத்துக்கு நேரம் விடுங்கள், சம பாகம் என்பதன் அர்த்தம் அங்கேதான் கைக்கு வருகிறது. அரைத் துண்டையும் மூன்றில் ஒரு துண்டையும் வெட்டி அடுத்தடுத்து வைக்கச் சொல்லுங்கள். முழுப் பட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரையைத் தாண்டிவிட்டது, ஒன்றைத் தொடவில்லை என்று கண்ணுக்கே தெரியும்.

இப்போது கேளுங்கள்: "இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?" பாதிகளாகவும் எண்ண முடியவில்லை, மூன்றில் ஒரு பாகங்களாகவும் எண்ண முடியவில்லை. இரண்டு துண்டுகளையும் எண்ணக்கூடிய ஒரு சிறிய துண்டு வேண்டும். மூன்றாவது பட்டையை ஆறாக மடிக்கலாம் என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும்வரை காத்திருங்கள். சொல்லாவிட்டால் நான்காக மடித்துப் பார்க்க விடுங்கள். மூன்றில் ஒரு பாகம் கோட்டில் சரியாக உட்காராது. ஆறு என்றதும் எல்லாம் பொருந்தும். அரை என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று இரண்டு கட்டம், மொத்தம் ஐந்து கட்டம். 5/6. பொதுப் பகுதி என்ற சொல்லை இந்த இடத்தில் சொல்லுங்கள், அதற்கு முன்னால் சொல்ல வேண்டாம்.

அப்புறம் பழைய தவறைக் கரும்பலகையில் எழுதுங்கள், யார் எழுதியது என்று சொல்லாமல். 2/5 ஏன் சரியில்லை? மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டினால் வரும் விடை, சமமாக இல்லாத எந்த இரண்டு பின்னங்களிலும், அவற்றுக்கு நடுவில்தான் விழும். 1/2க்கும் 1/3க்கும் நடுவில் 2/5. வேறு பின்னங்களை வைத்துப் பிள்ளைகளே சோதிக்கட்டும். கூட்டினால் பெரிதாக வேண்டிய விடை நடுவில் நிற்கிறது என்று கண்டுபிடித்த வகுப்பு அந்தத் தவறுக்குத் திரும்பிப் போவது அரிது.

எட்டாம் படி: கேள்விகளை ஏணியாக அடுக்குங்கள்

கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் தலைமையில் 1956ல் வந்த கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டை 2001ல் திருத்தினார்கள். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என ஆறு நிலைகள். உங்கள் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அதன் நிலையை எழுதுங்கள். என்னுடையதில் முதல் மூன்றைத் தாண்டி ஒன்றுகூட இருக்கவில்லை. "1/4 + 2/3 காண்க" என்பதோடு நிற்காமல், "கவிதா 1/4 + 2/3 = 3/7 என்கிறாள். கணக்குப் போடாமலே அது தவறு என்று எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டால் அது பகுத்தாய்தல். "கூட்டினால் 5/6 வரும் இரண்டு பின்னங்களை எத்தனை விதமாகச் சொல்ல முடியும்?" என்றால் உருவாக்குதல். ஆறு நிலையும் எல்லாப் பாடத்திலும் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: மதிப்பீடு

தமிழ்நாட்டில் 2012-13ல் 1 முதல் 8 வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என்று பிரித்தார்கள். வளரறி என்பது கற்றுக்கொண்டிருக்கும்போதே பார்ப்பது. சமையலின் நடுவில் உப்புப் பார்ப்பது போல. தொகுத்தறி பரிமாறிய பிறகு. நடுவில் பார்த்தால்தான் சரிசெய்ய முடியும். ஆனால் பல இடங்களில் வளரறி என்பது பதிவேட்டில் நிரப்பும் எண்ணாகச் சுருங்கிவிட்டது. எண்ணைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில், யார் எந்த இடத்தில் தவறுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: சமான பின்னத்தில் நிற்பவர்கள், பொதுப் பகுதியில் நிற்பவர்கள், சுருக்குவதில் மட்டும் தவறுபவர்கள். மூன்று குழுவுக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுப்பதில் பயனில்லை. 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிப்பதும் இந்த எண்ணத்தில்தான். 6ஆம் வகுப்பு ஆசிரியரும் அதைச் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு: குழு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பிள்ளை ஆண்டு முழுக்க ஒரே குழுவில் இருந்தால் அது முத்திரையாகிவிடும்.

பத்தாம் படி: எழுதப்படாத கலைத்திட்டம்

எந்த ஆவணத்திலும் இல்லாமல் பள்ளி தினமும் கற்பிக்கிற ஒன்று உண்டு. பிலிப் ஜாக்சன் என்ற கல்வியாளர் 1968ல் அதற்குப் பெயர் வைத்தார்: மறைமுகக் கலைத்திட்டம். வகுப்பறையைக் கூட்டிச் சுத்தம் செய்ய யாரைக் கூப்பிடுகிறோம், தண்ணீர் எடுத்துவர யாரை அனுப்புகிறோம், கடினமான கணக்கைக் கரும்பலகையில் போட யாரை எழுப்புகிறோம், யார் எப்போதும் கடைசி வரிசை. பிள்ளைகள் இதையெல்லாம் பாடநூலைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த நீதியரசர் சந்துரு குழு 2024ல் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அந்தக் கயிறு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனாலும் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. அதைக் கண்டும் காணாமல் இருந்தால், நாமும் அதைக் கற்பிக்கிறோம் என்றுதான் பொருள்.

நான் செய்வது எளிய ஒன்று. வகுப்புப் பெயர்ப் பட்டியலை மேசைமேல் வைத்து, நான் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுவேன். முதல் வாரம் பார்த்தபோது நடுங்கிப்போனேன். 38 பேரில் 11 பேரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர்களில் எட்டுப் பேர் பெண் பிள்ளைகள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"எவ்வளவு மார்க்?" என்று கேட்பதற்கு முன், "இன்னைக்கு வகுப்புல என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்த ஒரு தவறை எடுத்து, "இதை ஏன் இப்படிப் போட்ட?" என்று திட்டாமல் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால், அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது அவருக்குப் பெரிய உதவி.

கடைசிப் படி: பாடம் முடிந்த அன்றே எழுதுங்கள்

பாடக்குறிப்பேட்டில் நடத்தப்போவதை எழுதுகிறோம். நடந்ததை எழுதுவதில்லை. பாடம் முடிந்த மாலையே நான்கு வரி எழுதி வையுங்கள்: எது எடுபட்டது, எங்கே நேரம் போதவில்லை, எந்தக் கேள்விக்கு வகுப்பே விழித்தது. அடுத்த ஆண்டு அந்தப் பாடம் வரும்போது பாடநூலுக்கு முன்னால் இதைத் திறங்கள். என் நோட்டில் பின்னங்கள் பக்கத்தில் இப்போது இருப்பது இது: "பட்டையை மூன்றாக மடிக்க ஒரு முழுப் பாடவேளை தேவை. பால் கணக்கை முதல் நாளே கேள். 2/5ஐக் கூட்டல் சொல்லித் தரும் முன்பே கரும்பலகையில் எழுது. தொடர்ந்து விடுப்பில் இருந்த மூவருக்குப் பட்டை கொடுக்கவில்லை, திங்கட்கிழமை கொடு."